ஃப்ரிட்ஜ் ரப்பரும் ஒரு கரண்டி மாவும்

ஃப்ரிட்ஜ் கதவுக்கு ரப்பர் மாற்றுவதை யாரும் ஒரு வேலையாகவே மதிப்பதில்லை. கம்ப்ரஸர் போய்விட்டது என்றால் வீட்டுக்காரர் அரை நாள் லீவு போட்டுவிட்டுப் பக்கத்தில் நிற்பார். கேஸ் ஏற்ற வேண்டும் என்றால் கேட்காமலே காபி வரும். ரப்பர் என்றால் மட்டும், "அது ஒண்ணுதானே, சீக்கிரம் முடிச்சிட்டுப் போங்க" என்பார்கள். எனக்குச் சுர்ரென்று ஏறும். குளிரை உண்டாக்குவது கம்ப்ரஸராக இருக்கலாம். அதை உள்ளே நிறுத்தி வைப்பது இந்த ரப்பர்தான் என்று எத்தனை சமையலறைகளில் கத்தியிருக்கிறேன்! யார் கேட்டார்கள்?

தொண்ணூறுகளின் நடுவில் புதுப்பட்டினத்தில் தொழிலைத் தொடங்கினேன். பக்கத்து அணுமின் நிலைய டவுன்ஷிப்பிலும் அதைச் சுற்றிய தெருக்களிலும் தமிழ்நாட்டின் நாலா மூலையிலிருந்தும் வேலைக்கு வந்த குடும்பங்கள். வீட்டுக்கு வீடு ஃப்ரிட்ஜ் இருந்தது. கடல் காற்று எதையும் விட்டுவைக்காது. செங்கல்பட்டில் வருஷக்கணக்கில் உழைக்கிற ரப்பர் இங்கே அதில் பாதிக்காலம் தாங்கினால் பெரிது. மடிப்பில் கறுப்பாகப் பூஞ்சை பிடிக்கும், மூலை வெடிக்கும், கதவுத் தகடு துருப்பிடித்து ரப்பர் பொருந்தாமல் போகும். மகாபலிபுரத்திலிருந்து செய்யூர் வரை முதலில் சைக்கிளிலும் பிறகு ஒரு பழைய மொபெட்டிலும் போய் மாற்றிக் கொடுத்திருக்கிறேன்.

வேலை சின்னதுதான், ஆனால் பொறுமை வேண்டும். அது என்னிடம் கொஞ்சம் குறைவு. புது ரப்பர் அட்டைப்பெட்டியில் மடங்கிச் சுருண்டு வரும். வீட்டம்மாவிடம் ஒரு அண்டா வெந்நீர் கேட்டு அதில் முக்கி எடுத்தால்தான் நிமிரும். பழைய ரப்பரின் உதட்டைத் தூக்கினால் அடியில் வரிசையாக ஸ்குரு இருக்கும். எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கழற்றிவிட்டால் கதவு முறுக்கிக்கொள்ளும். ஒரு பக்கத்தை முடித்துவிட்டுத்தான் அடுத்த பக்கம் போக வேண்டும். கடைசியில் சோதனை. சுவரில் தொங்கும் தினசரி காலண்டரில் பழைய தாள் ஒன்றைக் கிழித்து, கதவிடுக்கில் வைத்துச் சாத்தி இழுப்பேன். தாள் வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் குளிர் ஒழுகுகிறது. பிடித்து நின்றால் சரி. நாலு பக்கமும் பார்க்காமல் ஸ்குரு டிரைவரைப் பைக்குள் போட்டதில்லை. இந்த ஒரு விஷயத்தில் என்னை யாரும் குறை சொல்ல முடியாது.

இரண்டாயிரத்துக்குப் பிறகு ஒரு கோடையில், புதுப்பட்டினத்தில் ஒரு வீட்டுக்குக் கூப்பிட்டார்கள். வீட்டுக்காரர் அலுவலகத்தில் பெரிய பதவி, அதிகம் பேசாதவர். அவர் மனைவி திருநெல்வேலிப் பக்கம். கணவருக்கும் சேர்த்து அந்தம்மாவே பேசுவார். ஃப்ரிட்ஜ் கதவைத் திறந்து பார்த்தேன். ரப்பர் ஊதி, தொளதொளவென்று தொங்கிக்கொண்டிருந்தது. விரலால் தொட்டால் பிசுபிசுத்தது.

"இன்னாம்மா இது, இப்படி ஊதிக் கீது? இதுல இன்னாத்த தடவுனீங்க?"

"காய்ஞ்சிரக் கூடாதேன்னு வெள்ளிக்கிழமை தோறும் கொஞ்சம் தேங்காண்ணெ தடவுதேன், தம்பி."

வெள்ளிக்கிழமையன்று ஃப்ரிட்ஜைத் துடைத்து, கதவின் மேலே மஞ்சள் குங்குமம் வைத்துவிட்டு, கையோடு ரப்பருக்கும் எண்ணெய் போட்டிருக்கிறார். லட்சுமி குடியிருக்கிற பெட்டி என்று ஒரு மரியாதை. இந்தப் பக்கத்தில் எத்தனையோ வீடுகளில் இந்த மரியாதையால் செத்த ரப்பர்களைப் பார்த்திருக்கிறேன்.

"யம்மா, அது இன்னா தலையா, எண்ணெ தேய்க்க? ரப்பருக்கு எண்ணெதாம்மா எமன்!"

"தலையா இருந்தா ஒமக்கும் சேத்துல்லா தேய்ச்சிருப்பேன்! கொஞ்சம் சூடு கொறைஞ்சிருக்கும்."

அவர் கணவர் கூடத்தில் பேப்பருக்குப் பின்னால் சிரிப்பது எனக்குக் கேட்டது. எனக்கும் சிரிப்பு வந்தது, ஆனால் காட்டிக்கொள்ளவில்லை.

ரப்பர் கெட்டதற்கு இன்னொரு காரணமும் இருந்தது. ஃப்ரிட்ஜில் மூச்சுவிட இடமில்லை. வீட்டில் இருப்பது இரண்டே பேர். உள்ளே புளிக்காய்ச்சல், நார்த்தங்காய், எள்ளுப்பொடி, பருப்புப்பொடி என்று தட்டு தட்டாக டப்பாக்கள். கதவு சாத்தினால் ஏதாவது ஒரு டப்பா இடித்துக்கொண்டு நிற்கும். ஒவ்வொன்றிலும் ஒரு துண்டுச் சீட்டு ஒட்டியிருந்தது. 'பாப்பாவுக்கு' என்று எழுதியிருந்தது. பாப்பா என்பது அமெரிக்காவில் கல்யாணமாகிப் போயிருந்த அவர்களுடைய ஒரே மகள்.

"அது அங்க கீது. டப்பா இங்க கீது. இதெல்லாம் எதுக்கும்மா இப்பவே?"

"திடீர்னு யாராவது வந்து, நாளைக்குப் பிளைட்டு, எதும் குடுத்து விடணுமாம்பாக. அப்பம் போய் இடிச்சிட்டு இருக்க முடியுமா? கையில தயாரா இருக்கணும்லா?"

பழையதைப் பிடுங்கிவிட்டுப் புது ரப்பர் போட்டேன். காலண்டர் தாள் நாலு பக்கமும் கல் மாதிரி பிடித்தது. எல்லா வீட்டிலும் ஓதுவதை அங்கேயும் ஓதினேன். எண்ணெய் தடவாதீங்க, ரொம்ப அடைக்காதீங்க, எல்லாத்துக்கும் மேல, சும்மா சும்மா தொறக்காதீங்க. ஒரு தடவ தொறந்தா உள்ள போற ஈரக்காத்த வெளியேத்த மிஷின் எம்மாம் பாடுபடுது தெரியுமா? அந்தம்மா கையெடுத்துக் கும்பிட்டார். "சரி வாத்தியாரே. இனிமே ஒம்ம கிட்ட கேட்டுட்டுத் தொறக்கேன்." அவரோடு நான் பேசியது அவ்வளவுதான்.

இரண்டு மாதம்கூட ஆகவில்லை. கத்திரி வெயில் முடிகிற நேரம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். சாவு வீடுகளுக்கு ஃப்ரீசர் பெட்டி வாடகைக்கு விடுகிறவன் ஒருவன் எனக்குப் பழக்கம். மொபெட்டில் வந்து வாசலில் நின்றான்.

"அண்ணாத்த, கொஞ்சம் வாங்க. பெட்டி பேஜார் பண்ணுது. கண்ணாடி பூரா மூடிக்கிச்சு, மொகமே தெர்ல. சனங்க என்னைத் திட்டிகினு கீறாங்க."

"வேற பெட்டி மாத்தேண்டா."

"இருந்தா மாத்த மாட்டனா? ரெண்டும் வெளிய பூட்சி. செங்கல்பட்டுக்கும் போன் போட்டுட்டேன். அங்கயும் காலி இல்ல."

எந்த வீடு என்று கேட்டேன். அவன் சொன்னதும் கையிலிருந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன். அந்தம்மா விடிகாலையில் பால் வாங்கக் கதவைத் திறக்கப் போனவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அதற்குப் பிறகு எழுந்திருக்கவில்லை.

கூடத்தின் நடுவில் பெட்டி இருந்தது. கண்ணாடி மூடியின் உட்புறம் பால் ஊற்றியதுபோல வெள்ளையாக மூடியிருந்தது. பெட்டியைச் சுற்றி ஊரிலிருந்து வேன் பிடித்து வந்த சொந்தக்காரர்கள். நான் நின்று பார்த்த ஐந்து நிமிஷத்தில் மூன்று முறை மூடியைத் தூக்கினார்கள். ஒரு மாலை வைக்க ஒரு தடவை. பன்னீர் தெளிக்க ஒரு தடவை. மூன்றாவது தடவை, முகம் தெரியவில்லையே என்று அழுதுகொண்டே ஒரு அம்மாள் மூடியைத் தூக்கி, முந்தானையால் கண்ணாடியை உள்ளே துடைத்துவிட்டு மூடினார். மூடிய உடனே தெளிவாகத் தெரிந்தது. கண்ணெதிரிலேயே மறுபடியும் வெள்ளை படர்ந்தது. கடற்கரைக் காற்று, அத்தனை பேரின் மூச்சு, எல்லாம் உள்ளே போய்ப் படிகிறது. துடைக்கத் துடைக்க இன்னும் மூடும் என்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்? ஆசையில்தான் துடைத்தார்கள்.

கண்ணாடிக்காக மட்டும் என்னைக் கூப்பிடவில்லை என்பது அப்புறம்தான் தெரிந்தது. மகளுக்குத் தகவல் போய், கிடைத்த விமானத்தில் ஏறியிருந்தாள். மறுநாள் மத்தியானம் மூன்று மணிக்கு மேல்தான் வீடு வந்து சேர முடியும். பெட்டியில் குளிர் நிற்கவில்லை என்பதைப் பார்த்துவிட்டு, வீட்டுக்காரரின் அண்ணன் முடிவு பண்ணிக்கொண்டிருந்தார்.

"சாயந்தரத்துக்குள்ள எடுத்திருவோம். பிள்ள வந்து பாக்கட்டும்னு எனக்கு மட்டும் ஆசை இல்லையா? ஒடம்பு தாங்கணும்லா? நாளைக்கு அவ வந்து பாக்க முடியாத கோலத்துல பாக்கவா?"

வீட்டுக்காரர் பெட்டியின் கால்மாட்டில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "அவ வந்து மொகத்தப் பாக்கணும். அது ஒண்ணுதான். வேற ஒண்ணும் வேண்டாம்." அவர் என்னிடம் அவ்வளவு நீளமாகப் பேசியது அதுதான் முதல் தடவை.

மூடியைச் சுற்றி விரலை ஓட்டிப் பார்த்தேன். தலைப்பக்க மூலையில் ரப்பர் கிழிந்து, பக்கவாட்டில் முக்கால் கை நீளத்துக்கு நைந்து போயிருந்தது. எந்தச் சாவு வீட்டிலும் மூடியைத் தூக்குவது தலைப்பக்கம்தானே. மாலை நார் அங்கேதான் சிக்கும். பெட்டிக்காரன் நாலு மாதமாகப் பார்க்காமல் விட்டிருக்கிறான். "ஏண்டா, சோறுதானே துன்ற நீ?" என்று வாய்க்கு வந்துவிட்டது. சாவு வீடாயிற்றே என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை. செங்கல்பட்டில் கடை திறந்திருக்காது. சென்னையிலும் அதே கதை. அளவு பார்த்துவிட்டுப் போய் வாங்கி வருவதுதான் என் பழக்கம், கையில் சரக்கு வைப்பதில்லை. என் வீட்டு ஃப்ரிட்ஜில் கழற்றலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். மெக்கானிக் வீட்டு ரப்பரின் லட்சணம் உலகத்துக்கே தெரியும். அது பெட்டிக்காரனுடையதைவிட மோசம். அப்போதுதான் சமையலறைப் பக்கம் கண் போனது. கெட்டியான மூலையோடு, புதுசாக, நானே மாட்டிய ரப்பர் ஒன்று அந்த வீட்டிலேயே இருந்தது.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும், "எடுத்துக்கிடுங்க" என்றார்.

சமையலறையில் அடுப்பு பற்றவைக்காமல் கிடந்தது. சுவரில் காலண்டர் சனிக்கிழமைத் தேதியிலேயே நின்றது. அதற்கு முந்தைய தாளை அந்தம்மாதான் கிழித்திருப்பார். ஃப்ரிட்ஜைத் திறந்தேன். ரப்பரில் எண்ணெய் வாடையே இல்லை. என் பேச்சைக் கேட்டிருக்கிறார்! டப்பாக்களையும் கொஞ்சம் குறைத்து, கதவு நன்றாகச் சாத்துகிற மாதிரி அடுக்கியிருந்தார். நடுத்தட்டில் ஒரு பெரிய தூக்குச்சட்டி, மேலே தட்டு போட்டு மூடியிருந்தது. திறந்து பார்த்தேன். தோசை மாவு. முந்தின நாள் ஆட்டி, பொங்கியதும் ராத்திரி உள்ளே வைத்திருக்க வேண்டும். அழ நேரமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு ஸ்குருவைக் கழற்ற ஆரம்பித்தேன்.

ரப்பரை எடுத்துவிட்டால் இந்த மாவு வெயிலுக்கு நிற்காது என்று எனக்குத் தெரியும். யாரிடமாவது சொல்லி எதிர்வீட்டில் வைக்கச் சொல்லியிருக்கலாம். சாவு வீட்டில் மாவைப் பற்றிப் பேசுவதா என்று ஒரு தயக்கம். யாராவது பார்த்துக்கொள்வார்கள் என்று விட்டுவிட்டு, ஃப்ரிட்ஜ் கதவைச் சணல் கயிற்றால் சுற்றிக் கட்டினேன்.

மூலை சிதையாமல், ஒரு நீளமும் ஒரு அகலமுமாக ரப்பரை பிளேடால் வெட்டிக்கொண்டேன். பெட்டி மூடியில் நைந்த பகுதியைச் சுரண்டி எடுத்து, பெட்ரோல் தொட்டுத் துடைத்து, சைக்கிள் பஞ்சர் ஒட்டுகிற சொல்யூஷன் தடவி, மூலைக்கு மூலை பொருத்தி அழுத்தினேன். காயும் வரைக்கும் நாலு பேர் மூடியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். பனிக்கட்டி வாங்கி வந்து உள்ளே அடுக்கி வைத்தோம். அப்போதுதான் அந்தம்மாவின் முகத்தை நேராகப் பார்த்தேன். மஞ்சள் பூசி, பெரிய பொட்டு வைத்திருந்தார்கள். இப்போதும் ஏதாவது ஒன்று சொல்லி என் வாயை அடைத்துவிடுவார் போலிருந்தது.

மூடியை இறக்குமுன் காய்ந்த துணியால் கண்ணாடியைக் கடைசியாக ஒரு முறை துடைத்தேன். காலண்டரில் அந்தச் சனிக்கிழமைத் தாளைக் கிழித்து வந்து, மூலையில் வைத்து மூடி இழுத்துப் பார்த்தேன். பிடித்தது. மற்ற பக்கங்களும் பிடித்தன. பிறகு கூடத்துக்கே கேட்கிற மாதிரி கத்தினேன்.

"இனிமே யாரும் இதத் தூக்கக் கூடாது! மாலையா, மேல வைங்க. பன்னீரா, மேல தெளிங்க. தூக்குனா அந்தப் பொண்ணு மொகம் பாக்காது. சொல்ட்டேன்!"

பெரியவர் ஒருவர் முறைத்தார். "யாருடே இவன், சாவு வீட்டுல வந்து சத்தம் போடுதான்?" வீட்டுக்காரர் அண்ணனைப் பார்த்து, "அவரு சொல்லுதபடி செய்யுங்க" என்றார். அதற்குப் பிறகு வந்த மாலைகளைக் கால்பக்கமாக மூடியின் மேலேயே வைத்தார்கள். உள்ளே மிஞ்சியிருந்த ஈரம் அடித்தட்டில் பனியாகப் படிந்து, பொழுது சாய்வதற்குள் கண்ணாடி தெளிந்துவிட்டது. அண்ணன் கிட்டே வந்து குனிந்து பார்த்துவிட்டு, "சரி, பிள்ள வரட்டும்" என்றார்.

மறுநாள் காலையிலேயே போய்ப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டேன். யாராவது கை வைத்தால் முறைப்பேன். மூன்றரை மணிக்கு வாசலில் கார் வந்து நின்றது. அந்தப் பெண் செருப்பைக்கூடக் கழற்றாமல் ஓடி வந்து கண்ணாடியின்மேல் விழுந்தாள். அம்மாவின் முகம் நேற்றுப் பார்த்தபடியே இருந்தது. அவள் கண்ணாடியைத் தடவினாள். மூடியின் விளிம்பைப் பிடித்தவள், பக்கத்திலிருந்த அத்தை காதில் ஏதோ சொன்னதும் கையை எடுத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். தூக்கலாமா என்று என்னிடம் கேட்கிறாள்! அவள் அம்மாவைத் தொட என்னிடம் அனுமதி கேட்கிறாள். நான் இப்படி ஒரு ஆளாகிவிட்டேனே என்று வெட்கமாக இருந்தது. நானே போய் மூடியைத் தூக்கி, அவள் போதும் என்று சொல்லும் வரைக்கும் பிடித்துக்கொண்டு நின்றேன்.

செவ்வாய்க்கிழமையே சென்னைக்குப் போய் அதே அளவில் புது ரப்பர் வாங்கி வந்துவிட்டேன். ஆனால் கொண்டுபோய் மாட்டவில்லை. துக்க வீட்டுக்குள் ஸ்குரு டிரைவரோடு போய் நிற்பதா, பதினாறு கழியட்டும் என்று இருந்துவிட்டேன். எங்கள் பக்கத்தில் அதுதான் வழக்கம்; நாங்கள் அதை மரியாதை என்று நினைத்துக்கொள்கிறோம். காரியம் முடிந்த மறுநாள் போனேன். சொந்தக்காரர்கள் எல்லோரும் கிளம்பியிருந்தார்கள். மகள்தான் கதவைத் திறந்தாள்.

ஃப்ரிட்ஜ் கழுவித் துடைத்துக் காலியாக இருந்தது. டப்பாக்களை மேடையில் வரிசையாக வைத்திருந்தாள். சீட்டுகளை உரிக்கவில்லை. நான் வெந்நீர் கேட்டேன். அவள் அடுப்பில் வைத்துவிட்டு, எதிரில் சுவரில் சாய்ந்து நின்றாள்.

"அண்ணே, இதுல அம்மா மாவு இருந்துச்சே, பாத்தீங்களா?"

ஸ்குரு டிரைவரைக் கீழே வைத்தேன். "பாத்தேம்மா. யார்கிட்டயாவது சொல்லி எடுத்து வச்சிருக்கணும். என் தப்புதான்."

"பால் தெளிச்சிட்டு வந்துதான் கயித்த அவுத்தேன். பொங்கித் தட்டத் தள்ளிட்டு வழிஞ்சு கெடந்துச்சு. அத்தை கொட்டச் சொன்னாங்க. நான் விடல. ஒரே புளிப்பு. நாக்குல வைக்க முடியல. மூணு நாள் நானும் அப்பாவும் அதத்தான் தோசையா சுட்டுச் சாப்பிட்டோம். ஒரு சொட்டு வீணாக்கல."

இந்த ரப்பர் இங்கேயே இருந்திருந்தால் ஒரு வாரத்துக்கு நல்ல மாவாக இருந்திருக்கும். அவள் அம்மா ஆட்டிய பக்குவத்திலேயே தோசை தின்றிருப்பாள். அதை அப்படியே சொன்னேன்.

"மொகம் பாத்துட்டேன்லா" என்றாள். அவள் அப்படியே அம்மா மாதிரி பேசியதைக் கேட்டதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. குனிந்துகொண்டு ஸ்குருவை முடுக்கினேன்.

வேலை முடிந்ததும், "ஒரு நிமிஷம் இருங்கண்ணே" என்று எதிர்வீட்டுக்குப் போனாள். திரும்பும்போது கையில் ஒரு சின்ன எவர்சில்வர் கிண்ணம். உள்ளே ஒரு கரண்டி மாவு, கட்டியாக உறைந்து, ஓரமெல்லாம் பழுப்பேறியிருந்தது.

"அவங்க ஃப்ரீசர்ல குடுத்து வச்சிருந்தேன். இனிமே சுட முடியாது, தெரியும். கொட்ட முடியல." கிண்ணத்தை மேலே ஃப்ரீசர் தட்டில் தானே வைத்தாள். "அடுத்த வாரம் அப்பாவையும் கூட்டிட்டுக் கிளம்புதேன். அதுவரைக்கும் இது இங்கயே இருக்கட்டும்."

நான் காலண்டரில் ஒரு தாளைக் கிழித்து நாலு பக்கமும் வைத்துப் பார்த்தேன். பிடித்தது. மனசு கேட்காமல் இன்னொரு சுற்றும் பார்த்தேன். பைக்குள் ஸ்குரு டிரைவரைப் போட்டுக்கொண்டு எழுந்தேன். வாசல் வரை போனவன் திரும்பிப் பார்த்தேன். அவள் ஃப்ரிட்ஜைத் திறந்து அந்தக் கிண்ணத்தைப் பார்த்தாள். சாத்தினாள். மறுபடியும் திறந்தாள். சும்மா சும்மா திறக்காதீங்க என்று எல்லா வீட்டிலும் சொல்கிறவன், அன்றைக்கு ஒரு வார்த்தை சொல்லாமல் வந்துவிட்டேன்.